எழுதும் திறன் தலைமுறைக்குத் தலைமுறை தேய்கிறதா? விடைத்தாள் முகாமிலிருந்து ஒரு கேள்வி

செம்மைக்கோல் (ஓய்வு பெற்ற முதுகலைத் தமிழாசிரியர், தஞ்சாவூர்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். 1988 முதல் 2019 வரை, இடையில் ஓரிரு ஆண்டுகள் தவிர, பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒவ்வொரு கோடையிலும் அமர்ந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் ஆண்டுதோறும் எழும் பேச்சு ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எழுதவே வரவில்லை. நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் முதல் முகாமுக்கு நான் இளைஞனாகச் சென்றபோது, என்னைவிட இருபது வயது மூத்த ஆசிரியர்கள் இதே சொற்களைத்தான் சொன்னார்கள்; அவர்கள் குறை கூறிய பிள்ளைகளுக்கும் எனக்கும் பத்து வயது கூட இடைவெளி இல்லை. ஓய்வு பெற்ற பிறகு இதை நினைத்துப் பார்க்கும்போது, நாங்கள் எதைக் கண்டு அப்படிச் சொன்னோம் என்ற கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது.

லகர, ளகர, ழகர மயக்கமும், ரகர, றகர மயக்கமும், வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமல் போவதும் 1988-இலும் இருந்தன, 2019-இலும் இருந்தன. அவை கூடியதாகவோ குறைந்ததாகவோ உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. மாறியது கட்டுரை. பழைய தாள் ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. நூலகத்தின் பயன் பற்றிய பொதுக்கட்டுரைக்கு ஒரு மாணவன், தன் ஊர்ப் படிப்பகத்தின் ஓட்டுக் கூரை மழைக்கு ஒழுகியதையும், செய்தித்தாளை நனையாமல் காக்க ஊர்க்காரர்கள் முறைவைத்து அதைத் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தான். வரிக்கு வரி பிழை. பத்துக்கு ஐந்து மதிப்பெண் இட்டேன். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். பின்னாளில் ஒரே தேர்வு மையத்திலிருந்து வந்த விடைத்தாள் கட்டு ஒன்றில், தாளுக்குத் தாள் அதே குறிப்புச் சட்டகம், அதே முன்னுரை, ஒவ்வொரு துணைத்தலைப்பின் கீழும் அதே மூன்று வாக்கியம், அதே முடிவுரை. பிழை ஒன்றும் இல்லை. விடைக்குறிப்பின்படி முழு மதிப்பெண்ணுக்கு அருகில் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டில் ஒரு பிள்ளையைக் கூட என்னால் அடையாளம் காண முடியவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்துப் பிழையை எண்ணினால் நாம் முன்னேறியிருக்கிறோம் என்றும், பிள்ளை தானே கட்டிய வாக்கியத்தை எண்ணினால் சரிந்திருக்கிறோம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்களின் அனுபவம் என்ன?

தும்பைப்பூ (மென்பொருள் பணி, சென்னை) எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை மதிப்போடு படித்தேன். ஆயினும் 'தலைமுறை' என்ற சொல்லை எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் காட்சி வேறாக இருக்கிறது. என் பாட்டி கைநாட்டு வைப்பவர். என் தாய் பள்ளியில் சேர்ந்த காலத்தில்தான், 1982-இல், எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியது. அந்தச் சோற்றுக்காகவே தன்னை அனுப்பினார்கள் என்று தாயே சொல்வார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மளிகைக் கணக்கும், வெளியூரில் இருந்த தந்தைக்கு மாதம் ஓர் இன்லேண்டு கடிதமும் எழுதுவார். நான் பொறியியல் படித்துவிட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பிழைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எழுதும் திறன் மூன்று தலைமுறையாக ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

1951-இல் இந்த மாநிலத்தில் எழுத்தறிந்தவர் ஐந்தில் ஒருவர் அளவுதான். 1991-இல் அது 62.66 விழுக்காடு, 2011-இல் 80.09 விழுக்காடு. பழைய காலத்தில் பள்ளியிறுதி வகுப்புவரை வந்து சேர்ந்தவர்கள் பலமுறை சலிக்கப்பட்டு எஞ்சியவர்கள். வீட்டில் புத்தகம் இருந்தவர்களும், பெரும்பாலும் ஆண்களும், நிலம் அல்லது உத்தியோகம் உள்ள குடும்பத்தாருமே அவர்களுள் மிகுதி. அவர்கள் எழுதிய கடிதத்தையும், இன்று யாரையும் விலக்காமல் பன்னிரண்டாம் வகுப்புவரை வரும் எல்லாப் பிள்ளைகளின் விடைத்தாளையும் பக்கத்தில் வைத்து, தலைமுறை சரிந்தது என்று சொல்வது நேர்மையான ஒப்பீடு ஆகாது. என் பாட்டியின் தலைமுறையில் எழுதாமல் போனவர்களையும் கணக்கில் சேர்த்த பிறகே சராசரியைப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

சுவடிநிழல் (நூலகப் பணி, மதுரை) எழுதியது:

தும்பைப்பூ அவர்களின் வாதத்தை நான் இன்னும் பின்னோக்கி நகர்த்த விரும்புகிறேன். முன்னோர் பிழையின்றி எழுதினர் என்னும் எண்ணம் ஓலைச்சுவடிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவரிடம் நிற்காது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு இராது. ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதைப் படிப்பவர்தான் பொருள் நோக்கி முடிவு செய்ய வேண்டும். ஏகார, ஓகாரங்களை எகர, ஒகரங்களிலிருந்து இன்று நாம் காணும் வடிவில் பிரித்துக் காட்டும் முறையே 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் வந்தது என்பர். இவற்றோடு, பொருள் அறியாமல் பார்த்து எழுதியவர்கள் சேர்த்த பிழைகளும் உண்டு. 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு உ.வே. சாமிநாதையர் எத்தனை படிகளை ஒப்பிட்டு எவ்வளவு பாடுபட்டார் என்பது நாம் அறிந்ததே. அந்த உழைப்பில் ஒரு பெரும் பங்கு, முந்தைய தலைமுறைகள் எழுதி வைத்த பிழைகளோடு பட்ட பாடுதான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதினர். ஆத்திசூடியும் நிகண்டும் எண்சுவடியும் மனப்பாடம் செய்தனர். அந்தப் பயிற்சியின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும், ஒரு பொருளைக் கொடுத்து 'உன் சொந்த உரைநடையில் நான்கு பத்தி எழுது' என்று சராசரிப் பிள்ளையைக் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. செய்யுள் யாத்தவர்கள் இருந்தனர்; அவர்கள் சிலர். உரைநடையைத் தமிழில் பொதுப் பழக்கமாக்கியவை அச்சும் பாடநூலும்தான். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பிள்ளைகளுக்கான பாலபாடங்களை எழுதி, நிறுத்தக் குறிகளைத் தமிழ் உரைநடையில் நிலைபெறச் செய்தது 19-ஆம் நூற்றாண்டில். ஆகவே செம்மைக்கோல் ஐயா தேடும் 'சொந்த வாக்கியம்' என்பது பொதுமக்கள் திறனாக நம்மிடம் நூறு, நூற்றைம்பது ஆண்டு வயதே உடையது. அது இளம் பயிர். வாடுகிறதா என்று கவலைப்படலாம்; தொன்றுதொட்டு இருந்த ஒன்று அழிவதாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தவில்லை.

நெல்லிக்கனி (கோயம்புத்தூர்) எழுதியது:

கையெழுத்தை யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து, விசை தட்டும்போது இருப்பதைவிடக் கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு பரவலாக இருப்பதாகக் காட்டினர். பேனாவை விட்டதுதான் சரிவின் தொடக்கம் என்பது என் கருத்து.

தும்பைப்பூ எழுதியது:

அந்த ஆய்வில் மாணவர்கள் எழுதியவை தனித்தனிச் சொற்கள். ஒருவர் நான்கு பத்தியில் ஒரு கருத்தை நிறுவ வல்லவரா என்பதை அது அளக்கவில்லை. ஐயா காட்டிய அந்தக் கட்டு முழுவதும் கையால் எழுதப்பட்டதுதானே?

மரநிழல் (மனு எழுதுபவர்) எழுதியது:

இங்கே படித்தவர்கள் பேசுகிறீர்கள். ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலுக்கு எதிரே உள்ள வேப்பமரத்தடியில் இருபத்தாறு ஆண்டுகளாக மனு எழுதிப் பிழைப்பவன் நான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எழுத்தறியாதவரும் பட்டதாரியும் என் பலகைக்கு முன்னால் ஒரே வரிசையில் நிற்பார்கள். தலைமுறைகளை ஒப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

நான் தொழிலுக்கு வந்தபோது வந்தவர்களில் பெரும்பாலானோர் எழுதத் தெரியாதவர்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பாதைத் தகராறு என்று வருவார்கள். அந்த அம்மாக்கள் சொல்வதை நான் இடைமறிக்க வேண்டியதே இராது. 'பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் அளந்தார்கள். வடக்கு எல்லைக் கல்லை இன்னார் பிடுங்கினார். கேட்கப் போன என் மகனை இன்ன சொல் சொன்னார். மூன்று முறை வட்டாட்சியரைப் பார்த்தாயிற்று. இப்போது எனக்கு அளந்து கல் நட வேண்டும்' என்று நடந்த வரிசையிலேயே சொல்லி, கேட்க வேண்டியதில் வந்து நிறுத்துவார்கள். நான் பண்டிகையை ஆங்கிலத் தேதியாக மாற்றுவேன், புல எண்ணைச் சேர்ப்பேன், மனு முடிந்துவிடும்.

இப்போது வருபவர்களில் பாதிக்கு மேல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள். கையில் செல்பேசி இருக்கிறது, பேனா இருக்கிறது. 'நீங்களே எழுதலாமே, தம்பி' என்று பல ஆண்டுகளாகக் கேட்டுப் பார்க்கிறேன். வரும் பதில் ஒரே மாதிரி: 'அந்தத் தமிழ் எனக்கு வராது.' அந்தத் தமிழ் என்று அவர்கள் சொல்வது 'சமூகத்திற்கு', 'மேற்படி', 'தாழ்மையுடன்', 'ஆவன செய்யுமாறு' என்னும் சொற்களைத்தான். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால் மனு செல்லாது என்று உண்மையிலேயே நம்புகிறார்கள். என் குருநாதர் ஆங்கிலத்தில் மனு எழுதிப் பழகியவர். 1956-இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகும் நெடுங்காலம் ஆங்கிலத் தட்டச்சு மனுவைக் கேட்டு வாங்கியவர்கள் உண்டு என்பார். அன்று ஆங்கிலத்துக்கு அஞ்சி வந்தார்கள். இன்று எழுத்துத் தமிழுக்கு அஞ்சி வருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுத வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும் என்று இந்தப் படித்த பிள்ளைகளைக் கேட்டால், அந்த அம்மாக்கள் சொன்னதுபோல் சொல்ல இவர்களில் பலருக்கு வரவில்லை. தமக்கு நேர்ந்ததைச் சொல்வதற்குப் பதிலாக, மனுவில் எப்படி வர வேண்டும் என்று தாம் நினைக்கும் வாக்கியத்தைத் தேடித் தடுமாறுகிறார்கள். அவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்லர். வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் அதே கதையைக் குறைவில்லாமல் சொல்லிக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

கரும்பலகை (அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்) எழுதியது:

மரநிழல் அண்ணா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த அச்சத்தின் தொடக்கத்தை நான் மூன்றாம் வகுப்பில் பார்க்கிறேன்.

கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய எங்கள் வகுப்பறை 2021 நவம்பர் முதல் நாள்தான் திறந்தது. ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பின் பாதியையும் பள்ளியையே காணாமல் கடந்த பிள்ளைகள் வந்தார்கள். பென்சிலைப் பிடிக்கும் விரல்களில் வலு இல்லை. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. எழுத்தறிவை மீட்பதில் அது பயன்பட்டது என்பதை என் வகுப்பளவில் என்னால் சொல்ல முடியும். ஆகவே எழுத்து அடையாளம், சொல்வதெழுதுதல், எழுத்து வடிவம் ஆகியவை பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. காலம் கொடுத்தால் பிள்ளைகள் அவற்றைப் பிடித்துவிடுகிறார்கள்.

என் கவலை வேறு. ஒரு பிள்ளை தன் ஏட்டில், 'எங்க ஆடு குட்டி போட்டுச்சி நான் தூங்கல' என்று எழுதி வந்தாள். அந்த வாக்கியத்தில் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதனால் விளைந்த ஒன்று இருக்கிறது, அவளும் இருக்கிறாள். நான் வழக்கப்படி சிவப்பு மையால் 'எங்கள்', 'போட்டது', 'தூங்கவில்லை' என்று திருத்திக் கொடுத்தேன். மறுநாள் அவள் பாடநூலிலிருந்து நான்கு வரியைப் பார்த்து எழுதி வந்தாள். அதில் திருத்த ஒன்றும் இல்லை. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடையே நம் மொழியில் உள்ள தொலைவு பெரியது. அந்தத் தொலைவைக் கடக்கக் கை கொடுப்பதற்குப் பதிலாக, முதல் அடியிலேயே நான் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று அன்றிரவு உணர்ந்தேன். இப்போது முதல் வாரத்தில் மொழியைத் திருத்துவதில்லை. 'அப்புறம் என்ன ஆனது? குட்டி என்ன நிறம்?' என்று ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதுகிறேன். இரண்டாம் வாரம் அதே பத்தியை நூல் தமிழில் மாற்றி எழுதச் சொல்கிறேன்.

வாகைநிழல் (தமிழாசிரியர், சிங்கப்பூர்) எழுதியது:

இங்கே 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. எழுத்துத் தமிழ் கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களுள் நானும் ஒருவன். என் வகுப்பில் நடந்தது வேறு: முன்பு வாய் திறவாமல் இருந்த பிள்ளைகள் பேசத் தொடங்கினர், பேசியவர்கள் எழுதவும் முன்வந்தனர். ஆனால் வீட்டில் தமிழ் பேசப்படாத பிள்ளைகளுக்கு இரண்டு நடைகளுமே புதியவை என்பதால், இது எல்லாருக்கும் ஒரே மருந்தாகவில்லை.

வடமராட்சி மகள் (கனடா) எழுதியது:

நாங்கள் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் வரலாறு, விஞ்ஞானம், வணிகம் எல்லாமே தமிழில்தான். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் (பாடசாலை இறுதிப் பொதுத்தேர்வு) கட்டுரை வினாக்களுக்குப் பக்கம் பக்கமாகத் தமிழில் விடை எழுதியே ஆக வேண்டும். ஆதலால் தமிழ் எழுத்து என்பது தமிழ்ப் பாடத்தோடு நின்றுவிடவில்லை. இரசாயனம் எழுதுபவரும் ஒரு காரணத்தை அடுத்த காரணத்தோடு கோத்துத் தமிழில் எழுதப் பழகினார். போர்க்காலத்தில் என் ஐயா (தந்தை) வவுனியாவிலிருந்து எங்களுக்கு எழுதிய கடிதங்களை அம்மா தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஐயா கணக்காளர், தமிழை விருப்பப் பாடமாகப் படித்தவர் அல்லர். கடிதம் எப்போது வந்து சேரும் என்று தெரியாத காரணத்தால், ஒவ்வொன்றையும் முன்னைய கடிதம் கிடைக்காவிட்டாலும் விளங்கும்படி எழுதியிருப்பார்.

என் பிள்ளைகள் தமிழில் ஒரு பத்தி எழுதவும் சிரமப்படுகிறார்கள். அது எனக்கு நோவுதான். எனினும் அதை எழுதும் திறனின் வீழ்ச்சி என்று சொன்னால் பிழையாகிவிடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அவர்கள் என்னைவிடச் சிறப்பாக எழுதுகிறார்கள். அங்கே நடந்தது மொழி இழப்பு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது. அவர்களின் வகுப்பில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மகள் கட்டுரையின் முதல் படியைக் கொடுத்தபோது ஆசிரியர் புள்ளி (மதிப்பெண்) இடவில்லை. 'மூன்றாம் பத்தியில் நீ சொல்வதை முதல் பத்தி மறுக்கிறதே' என்று மட்டும் எழுதி அனுப்பினார். அவள் திருப்பி எழுதினாள். அதற்கும் ஒரு கேள்வி வந்தது. மூன்றாவது படிக்கே புள்ளி. நான் பத்து வருடத்துக்கு மேல் பாடசாலை போனேன். ஒரு கட்டுரையைக் கூட இரண்டாம் முறை எழுதச் சொல்லி என்னை எவரும் கேட்டதில்லை.

செம்மைக்கோல் எழுதியது:

வடமராட்சி மகள் அவர்களின் கடைசி வாக்கியம் என்னை உலுக்கிவிட்டது. முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்த நான், பிழைத்த சொற்களைப் பத்து முறை எழுதச் சொல்லியிருக்கிறேன். கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னதில்லை. ஐம்பது ஏடுகளை ஒரு முறை திருத்துவதற்கே காலம் போதாது என்பது உண்மை. ஆனால் போதிய காலம் இருந்திருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. எழுதி முடித்த தாள் என்பது மதிப்பெண் பெறும் பொருள் என்றே நானும் பழகியிருந்தேன்.

தும்பைப்பூ அவர்களின் கணக்கை ஏற்கிறேன். என் முதல் பதிவில் 'நாம் சரிந்திருக்கிறோம்' என்று எழுதியது தவறு. எழுத வந்தவர்களின் தொகை பெருகியபோது, எழுதக் கற்பிக்கும் முறை அவர்களுக்கு ஏற்ப விரியாமல் சுருங்கியது என்று அதை மாற்றிக்கொள்கிறேன். சுருங்கியதற்குச் சான்று உண்டு. முன்பு மேல்நிலைப் பொதுத்தேர்வில் தமிழுக்கு இரண்டு தாள்கள். இரண்டாம் தாளில்தான் பொதுக்கட்டுரையும் மொழிப்பயிற்சியும் மாணவனின் சொந்த நடைக்கு இடம் தரும் பிற பகுதிகளும் இருந்தன. 2018-19 கல்வியாண்டு முதல் மேல்நிலை வகுப்புகளுக்கும், அடுத்துப் பத்தாம் வகுப்புக்கும் மொழிப் பாடம் ஒரே தாளாக ஆக்கப்பட்டது. தேர்வுச் சுமை குறைந்தது என்று பிள்ளைகள் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சியை நான் குறை கூறவில்லை. எனினும் வகுப்பறையில் என்ன நடந்தது என்பதை நான் அந்தக் கடைசி ஆண்டில் பார்த்தேன்: வாரத்தில் கட்டுரைக்கென்று ஒதுக்கி வந்த பாடவேளை செய்யுள் வினாக்களுக்குப் போனது. இன்னொரு புறம், பிள்ளையின் வாழ்வை முடிவு செய்யும் நுழைவுத் தேர்வுகள் நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்குவதைக் கேட்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பணித்தேர்வுகளில் 2021-இல் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயமாக்கப்பட்டபோது மகிழ்ந்தேன். தொகுதி 4 தேர்வில் அந்தத் தகுதியும் கொள்குறி வினாக்களாலேயே அளக்கப்படுகிறது. 'மிகுமா, மிகாதா' என்று வட்டத்தை நிரப்பத் தெரிந்தவர், மரநிழல் அவர்களின் பலகைக்கு முன்னால் வந்து நிற்க மாட்டார் என்பதற்கு அதில் உறுதி எதுவும் இல்லை.

தும்பைப்பூ எழுதியது:

ஐயா, நீங்கள் உங்கள் கருத்தை மாற்றி எழுதியது எனக்கு ஒரு பாடம். நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பள்ளியில் தமிழில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய நான், வேலைக்கு வந்த முதல் மூன்று ஆண்டுகளில் தமிழ் எழுத்தில் ஒரு வரி எழுதவில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். பிறகு தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கினேன். அதைப் படித்த மூத்த பயனர் ஒருவர், இந்தச் செய்திக்குச் சான்று எங்கே, இந்த இரண்டு பத்திகளும் ஒன்றையே சொல்கின்றனவே என்று உரையாடல் பக்கத்தில் கேட்டார். முதலில் வருத்தமாக இருந்தது; அந்தக் கட்டுரையைப் பதினொரு முறை திருத்தினேன். ஒற்றுப் பிழைகளுக்கு 'நாவி', சொற்பிழைகளுக்கு 'வாணி' என்னும் இணையக் கருவிகளின் உதவியை நாடினேன். அவை பிழை என்று காட்டியவற்றை ஏன் என்று தேடிப் படித்ததில்தான், பள்ளியில் விதியாக மனப்பாடம் செய்திருந்த புணர்ச்சி எனக்கு விளங்கியது. தமிழ்99 விசைப்பலகை 1999-இலேயே வந்துவிட்டது. பதினைந்து நாளில் கைக்கு வரும் அதைப் பள்ளியிலோ கல்லூரியிலோ எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

வடமராட்சி மகள் அக்காவின் மகளுக்கு ஆசிரியர் செய்ததை எனக்கு முகம் தெரியாத ஒருவர் செய்தார். ஆகவே கருவியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆலமரத்தடி (கல்லூரி ஆசிரியர், திருச்சி) எழுதியது:

இழையில் இதுவரை வராத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளாக என் மாணவர்களின் ஒப்படைப்புகள் சீரான தமிழில் வருகின்றன. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித் தருபவை அவை என்பதை மாணவர்களே மறைப்பதில்லை. செம்மைக்கோல் ஐயா சொன்ன குறிப்புச் சட்டகக் கட்டுரைக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. சொந்த வாக்கியத்தைக் கேட்காத இடத்தில், மனப்பாடம் செய்த வாக்கியம் போய் இயந்திரத்தின் வாக்கியம் வந்திருக்கிறது, அவ்வளவே. பிள்ளைகளைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. எனவே இந்தப் பருவத்தில் தலைப்புகளை மாற்றினேன். 'நாட்டுப்புறக் கலைகள்' என்பதற்குப் பதிலாக, 'உங்கள் தெருவில் கடைசியாக ஒப்பாரி பாடியவர் யார், அவரிடம் யார் கற்றார்கள்' என்று கேட்டேன். வகுப்பிலேயே கையால் முதல் படி. அடுத்த வாரம் இரண்டாம் படி. அறுபது பேரில் நாற்பது பேர் முதல் படியில் ஐந்தாறு வரிக்கு மேல் எழுதவில்லை. இரண்டாம் படியில் பெரும்பாலோர் ஒரு பக்கத்தைத் தாண்டினர். ஒரு மாணவர் தன் பாட்டியைப் பற்றி எழுதியதை வகுப்பில் படிக்கச் சொன்னபோது, பாதியில் அவரால் தொடர முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர் வாங்கிப் படித்து முடித்தார்.

கரும்பலகை எழுதியது:

மரநிழல் அண்ணாவிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் வரும் பள்ளிப் பிள்ளைகள் எவரேனும், உங்கள் துணையோடு தாமே மனு எழுதியதுண்டா? ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடத்துக்குப் பாடநூலில் உள்ள மாதிரியை விட்டு, உண்மையான கடிதம் ஒன்றைக் காட்ட விரும்புகிறேன்.

மரநிழல் எழுதியது:

உண்டு, அம்மா. சென்ற மாதம் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் வந்தார்கள். மாலைப் பேருந்து அடிக்கடி வருவதில்லை என்பது குறை. கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை என்பதால், இந்த இழையை நினைத்துக்கொண்டு, நான் எழுதாமல் பேனாவை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். முதல் தாளில், 'போக்குவரத்து வசதி இன்றியமையாதது, மாணவர்களாகிய நாங்கள் மிகுந்த இன்னல்களுக்கு ஆளாகிறோம்' என்று எழுதினாள். எத்தனை பேர், எந்த நாளில், எவ்வளவு தொலைவு என்று கேட்டேன். மூவரும் கூடிப் பேசி, எந்தெந்த நாள் பேருந்து வரவில்லை என்பதை வீட்டுக்குப் போய்க் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் வந்தார்கள். மூன்றாவது தாள் இப்படித் தொடங்கியது: 'மாலை 5.40 பேருந்து இந்த மாதம் ஏழு நாள் வரவில்லை. அந்த ஏழு நாளும் நாங்கள் ஒன்பது பேர் நான்கு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனோம். எங்களில் இருவர் எட்டாம் வகுப்புப் படிப்பவர்கள்.' 'மேற்படி' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. இரண்டு இடத்தில் ஒற்று மிகவில்லை. அதை நான் சொல்ல, அவளே சேர்த்தாள். மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். பேருந்து பற்றிய பதில் இன்னும் வரவில்லை.

மூன்று தாளையும் அவர்கள் ஒப்புதலோடு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பெயர்களையும் ஊரையும் மறைத்து அனுப்புகிறேன். பள்ளி முகவரியைத் தனிமடலில் தெரிவியுங்கள்.